பத்து வயது லேப்டாப்பை மறுபடி ஓட வைப்பது எப்படி?

பல வீடுகளில் ஒரு பழைய லேப்டாப் அலமாரியில் சும்மா கிடக்கிறது. 2012க்கும் 2017க்கும் இடையில் வாங்கியதாக இருக்கும். உள்ளே இன்டெல் ஐ3 அல்லது ஐ5, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்பாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்தவை இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. ஆன் செய்தால் டெஸ்க்டாப் வர ஐந்து நிமிடம், பிரௌசர் திறக்க இன்னும் இரண்டு நிமிடம். வெறுத்துப்போய் மூடி வைத்துவிடுகிறோம். கடையில் கேட்டால் புதுசு வாங்கச் சொல்வார்கள்.

யூடியூப் பார்ப்பது, மின்கட்டணம் கட்டுவது, ரயில் டிக்கெட் எடுப்பது, பிள்ளைகளின் புராஜெக்டுக்கு நாலு பக்கம் அடித்து பிரிண்ட் எடுப்பது, வெளியூரில் இருப்பவர்களோடு வீடியோ காலில் பேசுவது என்று வீட்டுக்குத் தேவையானது இவ்வளவுதான் என்றால், அந்தப் பழைய புராசசரே போதும். வேகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க். அதை மாற்றி, ரேமைக் கொஞ்சம் கூட்டி, பாதுகாப்பு அப்டேட் வரும் ஒரு இயங்குதளத்தைப் போட்டுவிட்டால் இன்னும் சில ஆண்டுகள் நிம்மதியாக ஓடும். ஆனால் எந்த வரிசையில் செய்வது, எங்கே நிறுத்திக்கொள்வது என்று தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தேவையில்லாத பாகத்துக்குப் பணம் போய்விடும்.

முதலில், செலவு செய்யத் தகுதியானதா என்று பாருங்கள்

லேப்டாப்பைக் கவிழ்த்து அடிப்பக்கத்து ஸ்டிக்கரில் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரேம் வாங்கும்போதும், கழற்றும் முறையை யூடியூபில் தேடும்போதும் இந்த எண்தான் உதவும். அப்புறம் ஆன் செய்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குப் போங்கள்.

புராசசரின் பெயர் அங்கே இருக்கும். ஐ3-5005யூ என்று இருந்தால், கோட்டுக்கு அடுத்து வரும் 5தான் தலைமுறை. ஐந்தாம் தலைமுறை. இரண்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன ஐ3, ஐ5 என்றால் தைரியமாகச் செலவு செய்யலாம். கோர் 2 டுயோ என்று இருந்தால் என் கருத்தில் விட்டுவிடுங்கள். எதை மாற்றினாலும் இன்றைய இணையப் பக்கங்களுக்கு அது திணறும். ஆட்டம் புராசசரும் 32 ஜிபி சேமிப்பும் கொண்ட சின்ன லேப்டாப்களும் அப்படித்தான். அவற்றில் சேமிப்பும் ரேமும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற எதுவும் இருக்காது.

மெமரி பகுதியில் மொத்த ரேம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். இரண்டில் ஒன்று காலி என்றால் நல்லது. பிறகு டிஸ்க் பகுதி. ஆன் செய்த முதல் ஐந்து நிமிடம் இதையே பார்த்துக்கொண்டிருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்க, புராசசர் 20, 30 சதவீதத்தில் சும்மா இருக்கிறதா? அப்படியென்றால் புராசசர் டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது. வந்த சிக்கல் எது என்று இதைவிடத் தெளிவாக எந்தக் கடைக்காரரும் சொல்ல முடியாது.

பேட்டரியையும் கையோடு பார்த்துவிடுங்கள். டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ, அடிமூடி புடைத்திருந்தாலோ, பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். உடனே சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். கவனமாகக் கழற்றி மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். கழற்றத் தயக்கமாக இருந்தால் சர்வீஸ் கடையில் கழற்றச் சொல்லுங்கள். குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். மற்ற எல்லா வேலையும் அதற்குப் பிறகுதான்.

கைவைக்கும் முன் பழைய கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

பத்து வருட ஹார்ட் டிஸ்க் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதன் உடல்நிலையைக் காட்டும். நீல நிறத்தில் நல்ல நிலை என்றால் சரி. மஞ்சள் எச்சரிக்கை வந்தால், வேறு எந்த வேலையும் செய்யாமல் முதலில் புகைப்படங்களை வெளியே எடுங்கள். கல்யாண ஆல்பம், பிள்ளைகளின் சின்ன வயதுப் படங்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், பத்திர நகல்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இரண்டிலும் மறக்காமல் தேடுங்கள். முக்கியமானது எப்போதும் அங்கேதான் கிடக்கும். பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் உரிமம் போய்விடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. டிஸ்க்கை மாற்றினால் போகாது. விண்டோஸ் 10இன் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு இணைந்தது. அதே பதிப்பை மறுபடி நிறுவி இணையத்தில் இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

எஸ்எஸ்டி: பணம் முதலில் போக வேண்டிய இடம்

ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குள் தகடு சுற்றிக்கொண்டே இருக்கிறது. வீட்டு லேப்டாப்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. ஒரு கோப்பைப் படிக்க, அதன் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும். பிறகு வேண்டிய இடம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். சுற்றுக்கான சராசரிக் காத்திருப்பு மட்டுமே 5.5 மில்லிவினாடி. முனை நகர்வதையும் சேர்த்தால் 15 மில்லிவினாடியைத் தாண்டும். அதாவது ஒரு வினாடியில் அறுபது, எழுபது சின்னக் கோப்புகளை எடுப்பதே அதன் எல்லை. விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைக் கேட்கிறது. அந்த ஐந்து நிமிடம் இப்படித்தான் போகிறது.

எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சிப்பில் சேமிக்கும் டிஸ்க். அதில் சுற்றுவதும் நகர்வதும் எதுவும் இல்லை. ஒரு கோப்பைத் தொட 0.1 மில்லிவினாடி போதும். அதனால்தான் அதே பழைய புராசசரில் ஆன் ஆகும் நேரம் அரை நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. வேறு எந்த ஒற்றைச் செலவும் இந்த அளவுக்கு மாற்றம் தராது. கையில் பணம் குறைவு என்றால் இதை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது கேட்க வேண்டியது '2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி'. சாட்டா என்பது பழைய ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கும் அதே இணைப்பு வகை. அந்தக் காலத்து லேப்டாப்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் பொருந்தும். வீட்டு வேலைக்கு 240 அல்லது 256 ஜிபி போதும். படங்கள் நிறைய இருந்தால் 480 அல்லது 512. எஸ்எஸ்டியின் தடிமன் 7 மில்லிமீட்டர். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டராக இருந்தால் உள்ளே லேசாக ஆடும். சில கம்பெனிகள் பெட்டியிலேயே ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்திருப்பார்கள், அதை ஒட்டிக்கொள்ளலாம்.

கடையில் எம்.2 என்ற சின்னப் பட்டை வடிவத்தையும் காட்டுவார்கள். உங்கள் மாடலில் அதற்கான ஸ்லாட் இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் வாங்காதீர்கள். ஸ்லாட் இருந்தாலும், அது சாட்டாவை ஏற்குமா, என்விஎம்இ என்ற வேறு இணைப்பு வகையை ஏற்குமா என்பது தனிக் கேள்வி. பார்க்க ஒன்று போலவே இருக்கும், மாற்றிப் போட்டால் வேலை செய்யாது.

மிக வேகமான மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். சாட்டா இணைப்பின் நடைமுறை உச்சமே வினாடிக்கு 550 எம்பி அளவுதான். இன்னும் பழைய லேப்டாப்பில் சாட்டா 2 இருந்தால் அதில் பாதிதான் கிடைக்கும். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது, நாம் தேடுவது காத்திருப்பு குறைவதை. பெயர் தெரிந்த கம்பெனி, மூன்று வருட வாரண்டி, கையில் பில். இவை மூன்றும் இருந்தால் போதும். அடிமாட்டு விலைக்கு 2 டிபி என்று இணையத்தில் வருவதை நம்ப வேண்டாம். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டுவிட்டு வாங்கலாம். நினைவக விலை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் அன்றைய விலையைத்தான் நம்ப வேண்டும்.

கழற்றி மாட்டுவது

ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். விண்டோஸ் 10 சாதாரணமாக முழுதாக அணைவதில்லை. இப்படிச் செய்தால் அணையும். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்றக்கூடியது என்றால் கழற்றிவிடுங்கள். பிறகு பவர் பொத்தானைப் பதினைந்து வினாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடிந்துவிடும். பேட்டரி உள்ளே இருக்கும் மாடல் என்றால், மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை எடுத்துவிடுவது.

சின்ன ஸ்டார் திருப்புளி ஒன்று வேண்டும். முனை தேய்ந்த திருப்புளியை எடுக்காதீர்கள். ஸ்குரூவின் தலை வழுக்கிவிட்டால் அரை மணி வேலை அரை நாளாகும். ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுக்கும் ஒவ்வொரு ஸ்குரூவையும் அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். நீளம் வேறு வேறாக இருக்கும். குட்டை ஸ்குரூ போக வேண்டிய இடத்தில் நீளமானது போனால் உள்ளே போர்டையோ கீபோர்டையோ குத்திவிடும்.

சில மாடல்களில் ஹார்ட் டிஸ்க்குக்குத் தனி மூடி உண்டு, ஒன்றிரண்டு ஸ்குரூவில் முடிந்துவிடும். மற்றவற்றில் அடிமூடி முழுவதையும் கழற்ற வேண்டும். எல்லா ஸ்குரூவும் எடுத்தும் மூடி வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். ரப்பர் கால்களுக்கு அடியிலும் டிவிடி டிரைவுக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும். காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்றை விளிம்பில் செருகி மெதுவாக நகர்த்தினால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடும்.

பழைய டிஸ்க் ஒரு தகரச் சட்டத்தில் நான்கு ஸ்குரூவோடு உட்கார்ந்திருக்கும். கனெக்டரில் இருந்து பக்கவாட்டில் இழுத்து எடுங்கள், மேல்நோக்கித் தூக்க வேண்டாம். சட்டத்தை எஸ்எஸ்டிக்கு மாற்றி, அதே பக்கம் பார்த்து உள்ளே தள்ளினால் சரியாகப் பொருந்தும். பலம் தேவைப்படுகிறது என்றால் ஏதோ திசை தவறு.

திறந்ததோடு ரேமும் மின்விசிறியும்

மூடி திறந்திருக்கும்போதே ரேமையும் பார்த்துவிடலாம். 4 ஜிபி இருந்தால் 8 ஆக்குங்கள். இன்றைய பிரௌசரில் ஏழெட்டு டேப் திறந்தாலே 4 ஜிபி நிறைந்து போகும். 16 வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வீட்டு உபயோகத்துக்கு வேண்டாம்.

இங்கே ஒரு இடத்தில் கவனம் தேவை. ரேமில் ஒன்றுக்கொன்று பொருந்தாத வகைகள் உண்டு. 2012 சுற்றிலான லேப்டாப்கள் டிடிஆர்3, நான்காம், ஐந்தாம் தலைமுறையில் பெரும்பாலும் டிடிஆர்3எல், அதற்குப் பிந்தையவை பெரும்பாலும் டிடிஆர்4. டிடிஆர்3 ரேம் 1.5 வோல்ட்டில் ஓடுவது, டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில். 3எல் எழுதிய ரேம் இரண்டு வோல்ட்டிலும் ஓடும் என்பதால் பழைய டிடிஆர்3 ஸ்லாட்டில் போடலாம். 1.35 வோல்ட் மட்டும் தரும் லேப்டாப்பில் பழைய டிடிஆர்3ஐப் போட்டால் லேப்டாப் எழாது. சந்தேகம் என்றால் 3எல்லே வாங்குங்கள். டிடிஆர்4 ரேமின் விளிம்பில் இருக்கும் வெட்டுக்குறி வேறு இடத்தில் இருக்கும், அது டிடிஆர்3 ஸ்லாட்டில் நுழையவே நுழையாது. பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போவதுதான் எளிய வழி.

பொருத்தும்போது வெட்டுக்குறி பார்த்துச் சாய்வாகச் செருகி, தங்க நிறப் பற்கள் முழுதாக உள்ளே போனதும் மேலிருந்து அழுத்தினால் இரண்டு பக்கக் கிளிப்பும் டக் என்று பிடிக்கும். மாற்றிய பிறகு திரை கறுப்பாகவே இருந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் ரேம் சரியாக உட்காராததுதான் காரணம், எடுத்து மறுபடி செருகுங்கள்.

விசிறியில் பத்து வருடத் தூசி படிந்திருக்கும். விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, காற்றடிக்கும் பம்ப்பாலும் மென்மையான பிரஷ்ஷாலும் சுத்தம் செய்யுங்கள். ஹீட்சிங்க்கைக் கழற்றி தெர்மல் பேஸ்ட் மாற்றுவது முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். சுத்தம் செய்த பின்னும் லேப்டாப் கொதித்தால் மட்டும் சர்வீஸ் கடையில் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

விண்டோஸா, லினக்ஸா?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல்லில் எட்டாம் தலைமுறைப் புராசசரும் கேட்கிறார்கள். 2012 முதல் 2016 வரை வந்த லேப்டாப் எதுவும் அதில் தேறாது. தடையைத் தாண்டி நிறுவும் வழிகள் உண்டு, ஆனால் அப்டேட் எப்போது நிற்கும் என்று உத்தரவாதம் இல்லாத இயந்திரத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பது எனக்குச் சம்மதமில்லை.

கணக்கு எழுதும் டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், விண்டோஸில் மட்டும் ஓடும் ஏதாவது மென்பொருள் வீட்டில் கட்டாயம் வேண்டும் என்றால் விண்டோஸிலேயே இருங்கள். மற்ற எல்லாருக்கும், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நான் சொல்வேன். இலவசம், பார்வைக்கும் பழக்கத்துக்கும் விண்டோஸ் 7 போலவே இருக்கும், கீழே இடதுபக்கம் மெனு. 2024இல் வந்த 22ஆம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. ரேம் 4 ஜிபிதான் என்றால் அதன் எக்ஸ்எஃப்சிஇ வகையை எடுங்கள், எடை குறைவு. வேர்ட், எக்செல் கோப்புகளைத் திறக்க லிப்ரே ஆபீஸ் கூடவே வரும்.

வேறொரு கணினியில் மின்ட்டின் தளத்தில் இருந்து கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளால் 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவில் இருந்தவை அழிந்துபோகும். அதைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்த உடனே, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள், பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்: டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப்.

மின்ட்டை நிறுவாமலேயே பென்டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது இதன் பெரிய வசதி. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, வீட்டுப் பிரிண்டர் வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வைஃபை தெரியவில்லை என்றால் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் இணையத்தைப் பகிரும் டெதரிங்கை ஆன் செய்யுங்கள். இணையம் வந்துவிடும், நிறுவிய பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் வைஃபைக்கு வேண்டியதை அதுவே தேடித் தரும். எல்லாம் சரி என்றால் டெஸ்க்டாப்பில் இருக்கும் நிறுவு ஐகானை அழுத்தலாம். வீடியோக்களை ஓட்ட உதவும் கோடெக் வேண்டுமா என்று வழியில் கேட்கும், டிக் போடுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் பிரௌசர் தவிர வேறு எதையும் தொட மாட்டார்கள் என்றால் கூகுளின் குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் என்ற இயங்குதளத்தையும் யோசிக்கலாம். ஆனால் அதில் ஆண்ட்ராய்டு ஆப்கள் ஓடாது.

அன்றாடத்துக்குச் சில திருத்தங்கள்

எல்லாம் மாற்றிய பிறகும் யூடியூப் திக்கித் திக்கி ஓடி, விசிறி அலறுகிறதா? யூடியூப் இப்போது விபி9, ஏவி1 என்ற புதிய வடிவங்களில் வீடியோவை அனுப்புகிறது. ஏழாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் கிராஃபிக்ஸில் அவற்றை முழுதாக விரிக்கும் வன்பொருள் இல்லாததால் மொத்தச் சுமையும் புராசசர் மேல் விழுகிறது. எச்264இஃபை என்ற பிரௌசர் நீட்சியைப் போட்டால் யூடியூப் பழைய எச்.264 வடிவத்தில் வரும். அதை அந்தக் காலத்து கிராஃபிக்ஸே சுலபமாகக் கையாளும். திரையே 1366க்கு 768 என்பதால் 720பி தரத்துக்கு மேல் வைத்தும் பயனில்லை.

ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது, எந்த இணையப் பக்கமும் பாதுகாப்பில்லை என்கிறது என்றால், வைரஸ் என்று நினைக்காதீர்கள். மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தவறாக இருப்பதால்தான் பக்கங்களின் சான்றிதழ் செல்லாமல் போகிறது. பெரும்பாலும் அது சிஆர்2032 வகை, சாதாரணக் கடையிலேயே கிடைக்கும். சில லேப்டாப்களில் ஒயர் வைத்த வடிவில் இருக்கும், அப்போது அதே மாதிரி கேட்டு வாங்க வேண்டும்.

பெரிய பேட்டரி அரை மணிதான் நிற்கிறது என்றால், வீட்டில் ஒரே மேசையில் வைத்து ஓட்டுபவர்கள் புதிது வாங்கத் தேவையில்லை. கரன்ட் போனால் சேமித்து அணைக்க அந்த அரை மணி போதும். வாங்கியே தீர வேண்டும் என்றால் மாடல் எண்ணோடு பேட்டரியின் பாக எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தமிழில் அடிக்க விண்டோஸில் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். மின்ட்டில் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் நிறுவி, ஐபஸ் அமைப்பில் தமிழ்99ஐச் சேருங்கள்.

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் நல்ல நிலை என்று வந்திருந்தால், 2.5 இன்ச் யூஎஸ்பி 3.0 கேஸ் ஒன்றை வாங்கி அதற்குள் போட்டால் அதுவே வெளி டிஸ்க். மாதம் ஒருமுறை வீட்டுப் படங்களை அதில் இன்னொரு பிரதி எடுத்து வைக்கலாம். மஞ்சள் எச்சரிக்கை வந்த டிஸ்க் என்றால் அதில் எதையும் நம்பி வைக்க வேண்டாம். உள்ளே இருப்பதை எடுத்த பிறகு முழுதாக அழித்து, மின்கழிவில் கொடுத்துவிடுங்கள்.